உப்புவெளி விடுதிக்கு ஏற்ற முன்பதிவு முறைமை எது?

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட விடுதி ஒன்றை நடத்துகிறேன். வட்ஸ்அப், தொலைபேசி, இணையம் என மூன்று வழிகளிலும் வரும் முன்பதிவுகளை ஒரே கொப்பியில் எழுதி வந்ததால், கடந்த ஓகஸ்டில் நான்காம் இலக்க அறைக்கு இரு குடும்பங்கள் பயணப்பைகளோடு ஒரே மாலையில் வந்து நின்றன. ஒரு குடும்பத்தை அயல் விடுதியில் தங்கவைத்து, வாடகையையும் நானே செலுத்தினேன்.

1976 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் சேபர் என்னும் தனது கணினி முன்பதிவு முறைமையின் முனையங்களைப் பயண முகவர்களின் மேசைகளுக்கே கொண்டு சென்று, திரையில் தன் விமானங்களை முன்னே காட்டிப் போட்டியாளர்களை முந்தியது (அந்தச் சாய்வை 1984 இல் அமெரிக்க அரசு தடைசெய்தது வேறு கதை). எனக்கு அவ்வளவு தேவையில்லை. இரட்டைப் பதிவைத் தடுத்து, பழைய விருந்தினரின் விருப்பங்களைச் சேமித்து, தரகுப்பணமின்றி அவர்களை நேரடியாக மீண்டும் அழைக்க உதவும் எளிய மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதன் மாதச் செலவுடன் அறியத்தருமாறு வேண்டுகிறேன்.