மீடியா சர்வர்ல இடம் தீந்துபோச்சு: 4 டிபி மூணு இருக்கு, அடுத்து என்ன பண்றது?

டப்பாசர்வர்:
வணக்கம் மக்களே. பழைய டெஸ்க்டாப்ல ஜெல்லிஃபின் (வீட்டு மீடியா சர்வர் சாஃப்ட்வேர்) போட்டு ஓட்டிட்டு இருக்கேன், 4 டிபி டிஸ்க் மூணு, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல ரெய்டு-இசட்1 பூல் (மூணும் சேந்து ஒரே இடம், ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பிக்கும்). கணக்குப்படி 8 டிபி வரணும், காட்டறது 7.2 சொச்சம்தான், அதுலயும் 93 சதவீதம் ரொம்பிடுச்சு. முக்காவாசி படமும் சீரியலும், மிச்சம் குடும்ப போட்டோ, வீடியோ. போர்டுல சாட்டா போர்ட் மொத்தமே 4, நாலாவதுல ஓஎஸ் இருக்கற எஸ்எஸ்டி உக்காந்திருக்கு. ஒரு 12 டிபி வாங்கி இதே பூல்ல சேத்துரலாமா, இல்ல யூஎஸ்பி பெட்டி வாங்கி அதுல நாலு டிஸ்க் போடறதா, இல்ல மூணையும் கழட்டிட்டு பெருசா மாத்தறதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, படிக்கப் படிக்க தலை சுத்துது.

வயர்க்கூடு:
12 டிபியை இந்த பூல்ல சேக்காதீங்க ப்ரோ. ஓபன்இசட்எஃப்எஸ் 2.3ல இருந்து ரெய்டு-இசட்ல ஒரு டிஸ்க் கூடுதலா சேக்கற வசதி இருக்கு, ஆனா மத்ததெல்லாம் 4 டிபியா இருக்கறவரைக்கும் புதுசுலயும் 4 தான் எடுத்துக்கும், 8 டிபி சும்மா கெடக்கும். அதுவும் இல்லாம ஏற்கனவே எழுதின ஃபைல் எல்லாம் பழைய பாரிட்டி (டிஸ்க் செத்தா மீட்கறதுக்கான கூடுதல் டேட்டா) விகிதத்துலயே இருக்கும், திரும்ப எழுதினாதான் முழுப் பலன்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். அப்படி சேக்கறதா இருந்தா கமாண்ட் ‘ஜீபூல் அட்டாச்’, ‘ஜீபூல் ஆட்’ இல்ல. ஆட் குடுத்தா பாரிட்டி இல்லாத தனி டிஸ்க் ஒண்ணு பூல்ல ஒட்டிக்கும், அது செத்தா மொத்த பூலும் காலி. ரெய்டு-இசட் இருக்கற பூல்ல இருந்து அதை திரும்ப எடுக்கவும் முடியாது. ரெப்ளிகேஷன் லெவல் (பாதுகாப்பு அளவு) ஒத்து வரலன்னு அதுவே எச்சரிக்கும், நம்மாளுங்க உடனே ‘ஃபோர்ஸ்’ போட்டு தாண்டிப் போயிடுவாங்க.

ராக்கோழி:
ஒவ்வொண்ணா மாத்துங்க, அதான் சுத்தமான வழி. ஒரு 4 டிபியை எடு, 12 போடு, ரீசில்வர் (புது டிஸ்க்ல டேட்டாவைத் திரும்பக் கட்டறது) முடியட்டும், அடுத்தது. பூலோட ஆட்டோஎக்ஸ்பேண்ட் செட்டிங்கை ஆன்ல வச்சிருந்தா மூணாவது முடிஞ்சதும் இடம் தானா விரியும்.

வயர்க்கூடு:
@ராக்கோழி அது சரிதான்ணே, ஆனா மூணு டிஸ்க் வாங்கணும், மூணாவது முடியறவரைக்கும் ஒரு ஜிபி கூட ஏறாது. ரெய்டு-இசட்1ல பழசைக் கழட்டிட்டு மாத்தும்போது மிச்ச ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா கதை முடிஞ்சது. திரும்ப எடுக்கக்கூடிய படத்துக்காக இவ்ளோ ரிஸ்க் எதுக்கு?

என் கருத்து, பூலை பெருசாக்கவே வேணாம். பெரிய டிஸ்க் ஒண்ணை தனியா, எக்ஸ்ட்4ல (லினக்ஸோட சாதா ஃபைல் சிஸ்டம்) போட்டு படம் சீரியல் எல்லாம் அங்க தள்ளுங்க. ஜெல்லிஃபின்ல ஒரே லைப்ரரிக்கு ரெண்டு ஃபோல்டர் குடுக்கலாம், டிவில பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. பூல்ல போட்டோவும் குடும்ப வீடியோவும் மட்டும் நின்னா அதுக்கு இன்னும் பல வருஷம் இடம் இருக்கும். அப்புறம் ரெய்டு பேக்கப் இல்ல, போட்டோவுக்கு வெளிய இன்னொரு காப்பி கண்டிப்பா வேணும்.

டப்பாசர்வர்:
இது யோசிக்கவே இல்லையே! ஆனா போர்ட்? யூஎஸ்பில மாட்டலாமா?

மின்பெட்டி:
போர்டுல எம்.2 ஸ்லாட் இருந்தா ஓஎஸ்ஸை என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, ஒரு சாட்டா போர்ட் காலியாகும். இல்லன்னா பிசிஐஇ சாட்டா கார்டு, ஏஎஸ்எம்1166 சிப் உள்ளது போதும். படம் வைக்கற ஒத்தை டிஸ்க்னா யூஎஸ்பி கூட ஓடும், ஆனா இசட்எஃப்எஸ் பூலை யூஎஸ்பி பெட்டில வைக்கறது வேண்டாத வேலை. ஒரு நொடி கனெக்‌ஷன் விட்டா நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்துல காணாம போகும், சில பெட்டில ஸ்மார்ட் (டிஸ்க்கோட ஆரோக்கிய) விவரம் கூட ஒழுங்கா வராது.

பவரையும் பாருங்க. 3.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கறப்ப 12 வோல்ட்ல 2 ஆம்ப் வரைக்கும் இழுக்கும், நாலும் ஒண்ணா கிளம்பினா பழைய எஸ்எம்பிஎஸ் திணறும். மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு போற மோல்டட் கேபிள் தொடாதீங்க, உருகின கேஸ் நிறைய இருக்கு.

டப்பாசர்வர்:
எம்.2 ஸ்லாட் சும்மாதான் இருக்கு, அப்ப ஓஎஸ் அங்க, 12 டிபி சாட்டால. எஸ்எம்ஆர் (டிராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கற வகை டிஸ்க்) எதாவது பாக்கணுமா?

வயர்க்கூடு:
வாங்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பரை வச்சு சிஎம்ஆரா (டிராக் தனித்தனியா இருக்கற சாதா வகை) எஸ்எம்ஆரான்னு கம்பெனி ஸ்பெக்ல பாத்துக்கோங்க. இந்த மாதிரி எழுதி வச்சு பாக்கற வேலைக்கு எஸ்எம்ஆர் கூட தாங்கும், பின்னாடி பூலுக்கு எடுத்தா ரீசில்வர்ல உயிரை வாங்கும். வந்ததும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓட்டுங்க, 12 டிபிக்கு கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், அது முடியாம டேட்டா ஏத்தாதீங்க.

எஃப்எஸ்டேப்ல (பூட்ல எந்த டிஸ்க் எங்க மவுன்ட் ஆகணும்னு சொல்ற ஃபைல்) டிஸ்க்கோட யூயூஐடி (தனி அடையாள எண்) போட்டு ‘நோஃபெயில்’ சேத்துருங்க, இல்லன்னா டிஸ்க் வரலன்னா பூட்டே நின்னுடும். இதுல ஒரு சிக்கல், டிஸ்க் மவுன்ட் ஆகாத நேரத்துல டவுன்லோடு எல்லாம் அந்த காலி ஃபோல்டர்லயே விழுந்து ஓஎஸ் எஸ்எஸ்டி ரொம்பிடும். மவுன்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த காலி ஃபோல்டருக்கு ‘சிஹெச்ஆட்டர் ப்ளஸ் ஐ’ (chattr +i) கமாண்ட் குடுத்துட்டா எதுவும் எழுத முடியாது, எரர் வந்து நமக்கு தெரிஞ்சிடும்.