பழைய பூச்சு உள்ள சீலிங்கில் மீண்டும் பட்டி பார்ப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி

வணக்கம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீடு 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. கான்கிரீட் தளத்தின் அடியில் சிமென்ட் பூச்சும், அதன் மேல் பல ஆண்டுகள் சுண்ணாம்பும், பிறகு டிஸ்டெம்பரும் அடித்திருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளை சிமென்ட் பட்டி (பரப்பைச் சமப்படுத்த மெல்லியதாகப் பூசும் மாவுக் கலவை) பார்த்து எமல்ஷன் பெயிண்ட் அடித்தார்கள். இப்போது படுக்கையறையில் அந்தப் பட்டி அப்பளம் போல வளைந்து உதிர்கிறது. உதிர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் முழுவதும் வெள்ளைத் தூளாக இருக்கிறது. கூடத்தில் பட்டி உறுதியாகத்தான் நிற்கிறது; ஆனால் மேடுபள்ளங்கள் குழல்விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிவதால் அங்கும் இன்னொரு முறை பட்டி பார்க்க விரும்புகிறோம். படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய மூலையில் ஒரு பழுப்புக் கறையும் உள்ளது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே பட்டி பார்க்கலாம் என்கிறார் ஒரு பெயிண்டர். சிமென்ட் பூச்சு வரை எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது சரி? பட்டிக்கு முன் பிரைமர் (பிடிப்புக்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டுமா?

பதில் – கட்டடப் பொறியாளர்

வணக்கம் அம்மா. இருவர் சொல்வதையும் வீடு முழுமைக்கும் பொருத்தாதீர்கள். மூன்று இடங்களிலும் நிலைமை வெவ்வேறாக இருக்கிறது.

உதிர்ந்த துண்டின் பின்புறத்தை நீங்கள் கவனித்தது மிகவும் நல்லது. அங்கே வெள்ளைத் தூள் இருப்பதால், சுண்ணாம்பையும் டிஸ்டெம்பரையும் சுரண்டாமல் அவற்றின் மேலேயே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பது ஏறத்தாழ உறுதி. பட்டி சிமென்ட்டைப் பிடிக்கவில்லை, தூளைத்தான் பிடித்திருக்கிறது. இதன் மேல் இன்னொரு பட்டி ஏறினால் எடைதான் கூடும். தூளுக்குப் பதிலாகச் சாம்பல் நிற மணல் ஒட்டி வந்திருந்தால் சிமென்ட் பூச்சே வலுவிழந்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் கொத்த வேண்டும். பட்டித் தகட்டின் கைப்பிடியால் சீலிங் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். வெற்றோசை வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த இடங்களில் மட்டும் பூச்சை எடுத்தால் போதும்.

பழுப்புக் கறைதான் எனக்குக் கவலை தருகிறது. கறையோடு நேர்கோட்டில் விரிசலும் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். ஆட்கள் படுத்துறங்கும் அறையில் அதைப் பட்டியால் மறைப்பது ஆபத்து. கறைக்கு அருகில் ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தளத்தைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் தளத்திலிருந்து இறங்குகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தாளின் மேல்பக்கத்தில்தான் துளிகள் இருந்தன. விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. படுக்கையறையில் தட்டிப் பார்த்ததில் சிமென்ட் பூச்சு ஓரிரு இடங்களைத் தவிர உறுதியாகவே ஒலிக்கிறது. சுண்ணாம்பை எப்படி எடுப்பது? கூடத்தில் எமல்ஷன் மேலேயே பட்டி நிற்குமா?

பதில் – நெடுநாள் பெயிண்டிங் ஒப்பந்ததாரர்

பொறியாளர் ஐயா சொன்னதோடு வேலை முறையைச் சேர்த்துச் சொல்கிறேன். படுக்கையறையில் உதிரும் பட்டியை முதலில் உலர்வாகவே தகட்டால் சுரண்டி எடுங்கள். அடியில் தெரியும் சுண்ணாம்பின் மேல் தண்ணீரைத் தெளித்துச் சற்று ஊறவிட்டால் அது இளகும். பிறகு சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்தபின் உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளை ஒட்டக்கூடாது. ஒட்டினால் மறுபடியும் கழுவுங்கள். பெரும்பாலும் இந்த வேலையில்தான் அவசரப்படுகிறார்கள். கூலியில் பாதிக்கு மேல் சுரண்டுவதற்கே போனாலும் அது வீண்செலவு அன்று. தண்ணீர் தெளிப்பதற்கு முன் மின்சாரத்தை மெயினில் நிறுத்தி, மின்விசிறியைக் கழற்றிவிடுங்கள். சுரண்டும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் துணியைக் கட்டிக்கொள்வது போதாது; தூசு வடிகட்டும் முகக்கவசமே வேண்டும்.

சுத்தமான சிமென்ட் பூச்சின் மேல் வெள்ளை சிமென்ட் பட்டி பார்க்கப் பிரைமர் தேவையில்லை. மாறாக, பரப்பை இலேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பூச்சு பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பட்டி இறுகாமல் தூளாகும். ஒரு கிலோ மாவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, பத்து நிமிடம் வைத்திருந்து மீண்டும் கலக்குங்கள். இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் ஊற்றி இளக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கூடத்தில் எமல்ஷன் படலம் தண்ணீரை உள்ளே விடாது. அதனால் சிமென்ட் பட்டிக்கு அங்கே பிடிப்புக் கிடைக்காது. 80-ஆம் எண் உப்புத்தாளால் படலத்தைத் தேய்த்தெடுத்து, அடியில் உள்ள பட்டி தெரிந்தபின் தொடர்வதுதான் எனக்குப் பிடித்த வழி. அது முடியாதென்றால் மினுமினுப்புப் போகத் தேய்த்து, தூசைத் துடைத்து, நீர்ப் பிரைமர் அடித்து, அக்ரிலிக் பட்டி பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாதாரணப் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கும் ஆழமான பள்ளம் இருந்தால், சிமென்ட் தெரியும் வரை சுரண்டி, மட்டம் செய்வதற்கென்று விற்கும் பருமணல் பட்டியால் முதலில் நிரப்புங்கள்.

பதில் – கட்டடப் பொறியாளர்

துளிகள் மேல்பக்கத்தில் இருந்ததால், கறை உள்ள மூலையில் இப்போது பட்டி பார்க்க வேண்டாம். மேலே மொட்டை மாடியில் தட்டோடுகள் (தரையில் பதிக்கும் தட்டையான ஓடுகள்) சேரும் இணைப்புகளையும், தண்ணீர் தேங்குகிறதா என்பதையும், மழைநீர்க் குழாயின் வாயையும் பாருங்கள். மேல்மாடியில் குளியலறை இருந்தால் அதன் குழாய்களைச் சோதியுங்கள். கறைப் பகுதியில் பூச்சைச் சிறிது எடுத்து, கம்பி துருப்பிடித்துள்ளதா என்று ஒரு பொறியாளரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு நின்று, தாள் சோதனையில் துளி வராத பிறகே அங்கே பட்டி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடி வேலையை முடித்துவிட்டால், மழைக்காலமே அதைச் சோதித்துக் கொடுத்துவிடும். கூடத்தையும் படுக்கையறையின் மற்றப் பகுதியையும் இப்போதே தொடங்கலாம்.

கேட்டவர்

அப்படியே செய்கிறோம். அந்த மூலையைப் பின்னர் செய்யும்போது, பழைய பட்டியும் புதிய பட்டியும் சேரும் இடம் கோடாகத் தெரியாதா?

பதில் – நெடுநாள் பெயிண்டிங் ஒப்பந்ததாரர்

இப்போது பார்க்கும் பட்டியின் ஓரத்தைச் செங்குத்தாக நிறுத்தாமல், ஓர் அடி அகலத்துக்குப் படிப்படியாக மெலிந்து முடியும்படி இழுக்கச் சொல்லுங்கள். அந்த ஓரத்துக்குப் பெயிண்டும் அடிக்க வேண்டாம். பின்னர் அதை நனைத்து, புதிய பட்டியை அதன் மேல் ஏற்றி, விளக்கைச் சீலிங்கை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு மென்மையான உப்புத்தாளால் தேய்த்தால் கோடு தெரியாது. பெயிண்டை மட்டும் சீலிங் முழுவதற்கும் ஒரே நாளில் அடித்துவிடுங்கள்.