ஹோமரோட 'ஃபார்முலா'வுக்குத் தமிழ்ல என்ன? (அவசரம்)

இளங்குயில்:
எல்லாருக்கும் வணக்கம். ஒப்பிலக்கிய வகுப்புக்கு கிரேக்கக் காப்பியத்தோட தோற்றம் பத்தி ஒரு அத்தியாயம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஹோமர் காப்பியங்கள் வாய்மொழி மரபுல வந்ததுன்னு வாதிட்ட அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1928ல பாரிஸ்ல கொடுத்த ஆய்வேட்டுல வர்ற 'ஃபார்முலா'கிட்ட மாட்டிக்கிட்டேன். ஒரே யாப்பு இடத்துல ஒரே கருத்தைச் சொல்ல பாடகன் கைவசம் வச்சிருக்கிற சொற்கூட்டம். இலியட் முதல் காண்டம் 488-489ல அக்கிலீஸ் கோவிச்சுக்கிட்டு கப்பல் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கான், அப்பவும் அவன் 'விரைகால் அக்கிலீஸ்'தான், ஏன்னா வரிக்கடைசி இடம் அதைக் கேக்குது. இப்போதைக்கு அடைமொழின்னு போட்டிருக்கேன்.

யாப்பன்:
அடைமொழி போதாதும்மா. 'அவனுக்கு மறுமொழியாகச் சொன்னான்'னு அரை வரி வருமே, அதுல அடை எங்க இருக்கு? மீதி அரை வரில விரைகால் அக்கிலீஸும் பொருந்துவான், பலதந்திர ஒடிசியஸும் பொருந்துவான். ரெண்டு பாதியுமே ஃபார்முலாதான். வாய்பாடுன்னு போடுங்க. யாப்புல சீரோட ஓசையைச் சொல்ற தேமா புளிமா மாதிரி. வாயால பாடுறது, அதனால வாய்-பாடு, சொல்லே சாட்சி சொல்லுது!

சொல்லேர்:
ஐயா, அந்தப் 'பாடு' வேற பாடு, அதை விடுங்க. தேமாங்கிறது வெறும் ஓசை அச்சு, அதுல பொருள் கிடையாது. பாரி சொல்றது பொருளோட வர்ற சொல்லு. அதோட பசங்களுக்கு வாய்பாடுன்னா ஈரெண்டு நாலுதான். 'தைதொடர்' எப்படி? காப்பியம் சொல்றவனுக்குக் கிரேக்கத்துல ராப்சோடோஸ்னு பேரு, அப்படின்னாலே பாட்டைத் தைக்கிறவன்னு அர்த்தம்.

யாப்பன்:
தைதொடரா, தையல்கடையா? ராப்சோடோஸ் கோலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற பாட்டை ஒப்பிக்கிற பிற்காலத்து ஆளு. ஒடிசில யாழோட பாடுற தெமோதோகஸ், ஃபேமியஸ் எல்லாம் அவோய்தோஸ், அதாவது தானே பாட்டைக் கட்டிப் பாடுற பாடகன். பாரி தேடுனது அவங்களைத்தான்.

வடலி:
அவோய்தோஸை 'பாணன்' எண்டு எழுதலாமே. எங்கட ஈழத்து விமர்சகர் கைலாசபதி 1968ல ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட நூலில சங்கப்பாட்டை வாய்மொழிப் பாட்டு எண்ட இந்தக் கண்ணாலதானே பார்த்தவர். தண்ணந் துறைவன், பெருங்கல் நாடன் எண்டு அதில திரும்பத் திரும்ப வாறதெல்லாம் வேறென்ன?

சொல்லேர்:
அதெல்லாம் எழுதத் தெரிஞ்ச புலவர் செஞ்ச செய்யுள்ங்க, வாய்மொழின்னு ஒத்துக்க முடியாது.

வடலி:
புலவருக்கு எழுத்துத் தெரிஞ்சா பாணன்ட சொல் வாயில வராதோ?

இளங்குயில்:
இதுக்குத் தனி இழை போட்டுக்கோங்களேன், எனக்கு வெள்ளிக்கிழமை. 'நிலைத்தொடர்' ஓகேவா?

யாப்பன்:
எனக்கு ஓகே இல்ல. 1930கள்ல பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியால பதிவு பண்ண பாடகருங்க 'சொல்லுக்குச் சொல் அதே பாட்டுதான்'னு சத்தியம் பண்ணாங்க, பதிவைப் பாத்தா தடவைக்குத் தடவை வேற. அவங்கள்ல ஒருத்தரான, எழுதப்படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் 12,000 வரிக்கு மேல ஒரே காப்பியமா பாடுனது இப்படி அப்பப்போ கட்டித்தான். நிலைன்னதும் மாணவன் மனப்பாடம்னு நினைச்சுக்குவான்.

சொல்லேர்:
பாட்டு மாறுது, தொடர் நிக்குது. நிலைத்தொடர் சரிதான். தைதொடரை வாபஸ் வாங்கிக்கிறேன், துக்கத்தோட.

வடலி:
நானும் நிலைத்தொடர். விளங்குது, போதும்.

இளங்குயில்:
நிலைத்தொடர்னு அனுப்பிட்டேன். பின்னிணைப்புல மட்டும் 'நிலைத்தொடர் / வாய்பாடு'.

யாப்பன்:
வாய்பாடுல 'ப்' மிகும்னு அச்சகத்துல திருத்திடுவாங்க, பாத்துக்கோம்மா.