புயல் நேரத்தில் ஜெனரேட்டர்: மெயினை இறக்கினால் போதாதா?

தொண்டி_இறால்பண்ணை:
சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ராத்திரி குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் விடிவதற்குள் இறால் செத்து ஒதுங்கிவிடும். மெயினை இறக்கிவிட்டு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக் பாயின்ட்டில் செருகினால் என்ன கெட்டுவிடும்?

தேவிப்பட்டினம்_வயர்மேன்:
அவசரத்தில் மெயினை இறக்க ஒருநாள் மறந்தால் போதும் அண்ணே. உங்கள் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாகப் போஸ்ட்டுக்கு ஏறி, டிரான்ஸ்பார்மருக்குப் போய்விடும். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாகக் கரண்ட் வந்தால் ஏற்றிவிடும். மேலே எச்டி (உயர் அழுத்த) லைனில் பத்தாயிரம் வோல்ட் வரை நிற்கும். சப்ளை இல்லை என்று நம்பி அங்கே ஒருவர் ஏறியிருப்பார்.

மண்டபம்_ஐஸ்:
ஏட்டுக் கணக்கு இது. என் 3 கேவிஏ ஜெனரேட்டர் தெருவில் இருக்கிற ஃபேன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் இழுக்குமா? அந்த நொடியே திணறி நின்றுவிடும். அப்புறம், போஸ்ட்டில் ஏறுமுன் டெஸ்ட் பண்ணி, லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடுவது லைன்மேன் கடமை. அதைச் செய்யாமல் பழியை எங்கள் மேல் போடாதீர்கள்.

தேவிப்பட்டினம்_வயர்மேன்:
எர்த் ராடு கட்டாயம் போடணும், அதில் மறுபேச்சே இல்லை. தெரு முழுக்கச் சேர்ந்திருந்தால் ஜெனரேட்டர் திணறும், அதுவும் சரி. ஆனால் பேசுவது புயல் நேரத்தைப் பற்றி. உங்கள் வீட்டுக்கு அடுத்த போஸ்ட்டிலேயே கம்பி அறுந்தால் தெருவின் லோடு உங்கள் மேல் வராது, ஜெனரேட்டர் பாட்டுக்கு ஓடும். மணலில் விழுந்து கிடக்கிற கம்பியில் பிரேக்கர் விழுகிற அளவுக்குக் கரண்ட் இறங்காது. விடியக்காலையில் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர் அதை மிதித்தால்? அவருக்கு எர்த் ராடு யார் போடுவது? ஆளைக் கொல்ல 3 கேவிஏ தேவையே இல்லை. கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டுகிற வீட்டு ஆர்சிசிபியை 30 மில்லி ஆம்பியரில் விழும்படி வைப்பது அதனால்தான்.

கீழக்கரை_மாடி:
மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். அதுவும் இப்படித் திரும்பிப் போகுமா?

தேவிப்பட்டினம்_வயர்மேன்:
லைனோடு சேர்ந்து ஓடும் நல்ல இன்வெர்ட்டர், லைன் செத்ததும் இரண்டு வினாடிக்குள் தானே நின்றுவிடும். சாதாரண ஜெனரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

மண்டபம்_ஐஸ்:
அப்படியானால் வாரியமே வீட்டுக்கு வீடு சுவிட்ச் மாட்டித் தரட்டும். இன்னும் டீசல் காசே கையைக் கடிக்கிறது. பயம் காட்டுவதால் மீனவன் கையில் பணம் வந்துவிடாது.

தொண்டி_இறால்பண்ணை:
செலவு விஷயத்தில் ஐஸ் அண்ணன் சொல்வது நியாயம். ஆனால் வலைக்காரர் மிதிப்பார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பண்ணை த்ரீ பேஸ். எந்த சுவிட்ச் வாங்கணும் தம்பி?

தேவிப்பட்டினம்_வயர்மேன்:
நாலு போல் (நாலு கம்பியையும் ஒன்றாக மாற்றுவது) சேஞ்ச் ஓவர் வாங்குங்கள், நியூட்ரலும் சேர்ந்து மாறணும். வீட்டு சிங்கிள் பேஸுக்கு இரண்டு போல். சிங்கிள் போல் எம்சிபியை இறக்கினால் பேஸ் மட்டும்தான் பிரியும், நியூட்ரல் லைனோடு ஒட்டியே இருக்கும். உப்புக்காற்றில் காண்டாக்ட் பூத்துவிடும், அதனால் மூடிய பெட்டிக்குள் வைத்து மழைக்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த இரண்டு பிளக் வயரை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். ஒரு முனை செருகியிருந்தால் மறுமுனைப் பின்னில் கரண்ட் நிற்கும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.