புதுப்பிப்பு: ரேங்கிங் பிரச்சனை தீந்துச்சு, க்ளிக்கோங்கற ரேட்டிங் முறை தான் கை குடுத்துச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் கேட்டிருந்தது, என் ஸ்ட்ராட்டஜி கேம்ல எலோ ரேட்டிங் (ஜெயிச்சா ஏறி, தோத்தா இறங்கற பாயின்ட் கணக்கு) போட்டிருந்தேன், மாசக்கணக்கா ஆடாதவங்க மேலயே உக்காந்திருந்தாங்க, புதுசா வர்ற கெட்டிக்காரங்ககிட்ட தோத்து பழைய ஆளுங்க பாயின்ட்ட அநியாயமா இழந்தாங்க.

முதல்ல கே ஃபாக்டரை, அதாவது ஒரு ஆட்டத்துல ரேட்டிங் அதிகபட்சம் எவ்வளவு மாறலாம்ங்கற அளவை, 16லேர்ந்து 40 ஆக்கிப் பாத்தேன், சரிப்படல, நாலு தோல்விக்கே ரேட்டிங் தடால்னு விழுந்துச்சு.

க்ளிக்கோ போடச் சொன்னவரோட யோசனைதான் வேலை செஞ்சுச்சு. இதுல ரேட்டிங்கோட விலகல்னு ஒண்ணும் இருக்கு, அந்த ரேட்டிங்க எவ்வளவு நம்ப முடியாதுன்னு காட்டற அளவு. எல்லாரும் 1500 ரேட்டிங், 350 விலகல்னு ஆரம்பிப்பாங்க, ஆட ஆட விலகல் குறையும், ஆடாம விட்டா திரும்ப ஏறும், அதனால விலகல் அதிகமா இருக்கற புது ஆள்கிட்ட தோத்தா பழைய ஆளுக்கு சேதம் கம்மி. பட்டியல்ல ரேட்டிங்லேர்ந்து விலகலை ரெண்டு மடங்கா கழிச்சுக் காட்டறேன், ஆடாதவங்க தானாவே இறங்கிடறாங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, யாரையும் தண்டிக்கற மாதிரி இல்ல.

எதிர்பாக்காத ஒண்ணு: சமமான ரேட்டிங் இருந்தும் முதல் மூவ் எடுத்தவங்களே அடிக்கடி ஜெயிச்சாங்க, எந்த ஃபார்முலாவும் அத சரி பண்ணல. இப்ப ஒரே மேப்ல சைடு மாத்தி ரெண்டு ஆட்டம் ஆடணும், ஆளுக்கொண்ணு ஜெயிச்சா டிரா.