யாழ் நூலகத்தை எரிந்தபடியே விட்டிருக்க வேணுமா?

உவர்மலையான்:
யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு முன்னால நிண்டு படம் எடுத்துப் போட்ட நம்மட ஊர்ப் பெடியள் சிலரிட்டக் கேட்டன், இது எப்ப எரிஞ்சது எண்டு. ஒருத்தனுக்கும் தெரியேல்ல. ஒருத்தன் சுனாமியிலயோ எண்டு கேட்டான்! 1981 மே 31 இரவு பிடிச்ச நெருப்பு, யூன் 1 விடிஞ்ச பிறகும் புகைஞ்சது. 97,000 அளவில புத்தகமும் ஏடும் போச்சு. இப்ப பார்த்தா வெள்ளைச் சுவர், வடிவான கும்மட்டம், முன்னால சரஸ்வதி சிலை. நான் சொல்லுறது இதுதான்: எரிஞ்ச கட்டடத்தைத் திருத்தினது பிழை. அதை அப்பிடியே விட்டிட்டு வேற இடத்தில புதுசு கட்டியிருக்க வேணும். மறுக்கிற ஆக்கள் வாங்கோ.

மடத்தடி டீச்சர்:
மறுக்கிறேன் தம்பி. அந்தக் கட்டடம் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். 1933-இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் புத்தகங்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை. பிறகு லோங் அடிகளார் போன்றவர்கள் ஓடித் திரிந்து ஆதரவு திரட்டினார்கள். சென்னையிலிருந்து கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். நூலகவியலில் பேர்போன எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1953 மார்ச் 29-இல் அடிக்கல், 1959 ஒக்டோபர் 11-இல் திறப்பு. 26 வருடம் பாடுபட்டு ஒரு ஊர் தனக்கென்று அமைத்துக்கொண்ட வாசிப்பிடம் அது. அங்கே இனி எவரும் இருந்து வாசிக்கக் கூடாது என்பதுதானே எரித்தவனின் எண்ணம்? நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள்.

நம்மூர் திருகோணமலையைப் பாருங்கள். 1620-களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1950-இல் நகரசபை கிணறு வெட்டப்போய் விக்கிரகங்கள் வெளியே வந்தன. 1963-இல் கும்பாபிஷேகம். ஞாபகத்துக்காக, கோயில் நின்ற சுவாமிமலையை மொட்டையாக விட்டிருந்தால் சம்மதிப்பீர்களா?

உவர்மலையான்:
டீச்சர், நீங்களே கோணேசர் கோயிலுக்குப் போற வழியில இருக்கிற நம்மட கோட்டைப் பக்கம் வந்தது நல்லதாப் போச்சு. கோட்டை வாசல்ல ஒரு கல்லு இருக்கு, கயல் மீன் செதுக்கினது, கூடவே தேய்ஞ்ச தமிழ் எழுத்து. இடிச்ச கோயில்ர கல்லை எடுத்துத்தான் கோட்டை கட்டினவங்கள் எண்டதுக்கு அதைவிடச் சாட்சி வேணுமே? கோயில் திரும்ப வந்திட்டுது, ஆனா அந்தக் கல்லை ஒருத்தரும் சாந்து பூசி மறைக்கேல்ல. அர்ச்சனைத் தட்டோட போற ஒவ்வொரு சனமும் அதைத் தாண்டித்தான் போகுது. யாழ்ப்பாணத்தில அப்பிடி ஒரு கல்லைக் காட்டுங்கோ பாப்பம்!

1998 அளவில அரசாங்கம் 'புத்தகமும் செங்கல்லும்' எண்டு நாடு முழுக்கச் சேர்த்துத் திருத்தத் தொடங்கினது. அரசாங்க ஆக்களே பார்த்திருக்க எரிஞ்ச ஒண்டை அரசாங்கமே வெள்ளையடிச்சா, அது திருத்தமா, தடயத்தை அழிக்கிறதா? 2003 பெப்ரவரியில திறப்பு விழா சர்ச்சையாகி நிண்டதும் சும்மா இல்லை.

கொட்டியாரக் காற்று:
அரசியலை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கட்டடம்தான் தொழில். நெருப்புப் பட்ட கொங்கிறீற் உரிந்து விழும், உள்ளே கம்பி வெளியே தெரியும். கடல்நீரேரிக் காற்று உப்போடு வரும் இடம் அது. கம்பி துருவேறினால் பருக்கும், பருத்தால் மிச்சக் கொங்கிறீற்றையும் பிளக்கும். கூரையும் இல்லாமல் ஒவ்வொரு மார்கழி மழையும் இறங்கினால் இருபது வருடத்தில் உங்கள் நினைவுச்சின்னம் ஒரு கற்குவியல். எரிந்ததை எரிந்தபடி நிறுத்தி வைப்பதற்கும் தாங்குகால், இரசாயனப் பூச்சு, காவல் என்று வருடா வருடம் செலவு உண்டு. எந்த மாநகரசபை கொடுக்கும்?

இன்னொன்று. உங்கள் யோசனை புதிதல்ல. எரிந்த பகுதியை நினைவாக விட்டு, பக்கத்தில் கட்டி இயக்கலாம் என்ற பேச்சு எண்பதுகளிலேயே இருந்தது. 1984-இல் ஒரு பகுதி திறந்தும் விட்டார்கள். பிறகு யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை. கோட்டைக்கு அருகில் நின்றதால் ஷெல்லும் சன்னமும் அந்தச் சுவரில்தான். 1998-இல் திருத்தப் போனபோது அங்கே நின்றது 1981-இன் எரிந்த கட்டடம் மட்டுமில்லை, இரண்டு மூன்று அழிவு ஒன்றன்மேல் ஒன்று. எந்த அழிவை 'அப்படியே' விடுவது?

கிண்ணியா_வாசகன்:
எல்லாருமே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உள்ளே இருந்தது என்ன என்று யாராவது கதைத்தீர்களா?

முதலில் ஒரு திருத்தம், யூன் மாதம் பிறந்தால் முகநூலில் சுற்றும் பிழைக்கு. 97,000-மும் ஏட்டுச்சுவடி இல்லை. பெரும்பகுதி அச்சுப் புத்தகம். யாழ்ப்பாண வரலாறு சொல்லும் பழைய நூலான 'யாழ்ப்பாண வைபவமாலை அழிந்தே போனது' என்பதும் தவறு. பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879-லேயே அச்சாகிவிட்டது, தமிழ்ப் பதிப்புகளும் உண்டு. ஏடு போனது, நூல் தப்பியது. நான்கு இடத்தில் பிரதி இருந்ததால்தான் தப்பியது. பிரதி இல்லாத கையெழுத்துப் பிரதிகள், கோயில் மலர்கள் என்ற விழா வெளியீடுகள், ஒரு ஊருக்குள்ளேயே அச்சடித்து முடிந்த சின்னச் சின்ன வெளியீடுகள்: இவைதான் திரும்பாதவை. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அச்சடிக்கும் இடம், விற்கும் இடம், சேர்த்துவைக்கும் இடம் மூன்றும். எரித்தவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

வெள்ளையடித்தாலும் கறுப்பாக விட்டாலும் இது திரும்பாது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் பழைய நூல்களை மின்வருடி ஏற்றுகிறதே, உண்மையான மீள்கட்டுமானம் அதுதான். சுவடி காப்பது நம் ஊருக்குப் புதிதுமில்லை. 1895-இல் 'மோகனாங்கி' நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர், சென்னையில் சுவடிகளோடு வேலை பார்த்தவர்.

மடத்தடி டீச்சர்:
தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இணையத்தில் இருந்தால் போதும் என்றால், வீட்டில் மேசையும் அமைதியும் இல்லாத பிள்ளை எங்கே போய் ஓ.எல் பரீட்சைக்குப் படிப்பது? எனக்குக் கட்டடமும் வேண்டும்.

உவர்மலையான்:
கொட்டியாரத்தார் சொன்ன செலவுக் கணக்கு சரியாயிருக்கலாம். அப்ப ஒரு பத்தடிச் சுவர்? கரி படிஞ்ச ஒரேயொரு பத்தடியைக் கண்ணாடி போட்டு மூடி விட என்ன செலவு? அதைக்கூடச் செய்யேல்லையே எண்டதுதான் என்ர கோவம்.

கொட்டியாரக் காற்று:
பத்தடி என்றால் செய்திருக்கலாம். அதற்குக் கொங்கிறீற்றைக் காரணம் சொல்ல என்னால் முடியாது.

மடத்தடி டீச்சர்:
பத்தடிக்கு நானும் கை உயர்த்துகிறேன். கட்டடம் முழுக்க என்றால் இல்லை.

கிண்ணியாத் தம்பி, என்னிடம் பழைய கோயில் மலர்கள் கொஞ்சம் கிடக்கின்றன. கரையான் ஓரத்தை அரித்துவிட்டது, தொட்டால் உதிர்கிறது. ஸ்கான் பண்ணலாமா?

கிண்ணியா_வாசகன்:
பண்ணலாம் டீச்சர். கண்ணாடியை வைத்து அமுக்கும் இயந்திரத்தில் மட்டும் போடவேண்டாம், உடைந்துவிடும். வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்து மேலிருந்து கமராவால் எடுக்கலாம். அதுவரை வெயிலில் காயவைக்காமல், பொலித்தீனில் சுற்றாமல், கடதாசிப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தடிப் பக்கம் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு உங்கள் பக்கம் வருகிறேன்.

உவர்மலையான்:
கமரா என்னட்ட இருக்கு, நானும் வாறன். ஆனா பத்தடியில இருந்து ஒரு அடி குறைய மாட்டன்.