ஸ்கூல் முடிஞ்சு வந்தா ஜெபம் பண்ணக்கூட தெம்பு இல்ல

பெரம்பூர் மேத்ஸ் டீச்சர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் அம்பத்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல 10ஆம் வகுப்பு ரெண்டு செக்‌ஷனுக்கு மேத்ஸ் எடுக்கறேன், வேலைக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. காலைல ஸ்பெஷல் க்ளாஸ், நடுவுல ஃப்ரீ பீரியட் வந்தா லீவு போட்ட டீச்சரோட க்ளாஸுக்கு சப்ஸ்டிடியூஷன் போட்டுடறாங்க, சாயங்காலம் ஸ்லோ லேர்னர்ஸ், இது போக பசங்க விவரத்த கவர்மென்ட் சைட்ல ஏத்தற எமிஸ் என்ட்ரி, ராத்திரி வீட்டுக்கு ஒரு கட்டு பேப்பர் தூக்கிட்டு வரணும். ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூலும் நான்தான். போன வாரம் பைபிள திறந்து வெச்சு அப்படியே டேபிள்ல தூங்கிட்டேன். முன்ன பசங்க பேர் சொல்லி ஜெபிப்பேன், இப்ப ஒருத்தன் சந்தேகம் கேட்டாலே எரிச்சல் வருது, அத நினைச்சு அப்புறம் அழுகை வருது. என் விசுவாசம் கொறஞ்சிடுச்சா? வேலைய விட்டுடலாமான்னு கூட தோணுது.

தாம்பரம், ரிட்டயர்டு எச்எம்:
அம்மா, முதல்ல ஒண்ணு, இது விசுவாசக் குறைச்சல் இல்ல, உடம்பு ஓஞ்சு போச்சு, அவ்வளவுதான். மாற்கு 6ஆம் அதிகாரத்த இன்னொரு தடவ படிங்க. ரெண்டு ரெண்டு பேரா ஊழியத்துக்குப் போன சீஷர்கள் திரும்பி வந்து, செஞ்சது, உபதேசிச்சது எல்லாத்தையும் சொல்றாங்க. சாப்பிடக்கூட நேரம் இல்லாம ஜனங்க வந்து போய்ட்டு இருக்காங்க, நம்ம லஞ்ச் இன்டர்வல் மாதிரியே. அப்ப இயேசு "இன்னும் ஜெபம் பண்ணுங்க"ன்னு சொல்லல, வாங்க, தனியா போய் கொஞ்சம் இளைப்பாறலாம்னுதான் கூப்பிட்டார். படகுல ஏறிப் போறாங்க, ஆனா ஜனங்க கரை வழியா ஓடி இவங்களுக்கு முந்தியே அங்க வந்து நிக்கறாங்க. அதுக்கப்புறம் வர்ற வசனத்த நான் 30 வருஷம் கவனிக்காம படிச்சிருக்கேன்: அந்தக் கூட்டத்துக்கு உபதேசிக்க ஆரம்பிச்சது அவர். களைச்சு வந்த சீஷர்கள அனுப்பல, அவங்க பீரியட அவரே எடுத்துக்கிட்டார். ஒரு எச்எம்மா இருந்து இத லேட்டா புரிஞ்சுக்கிட்டேனேன்னு எனக்கு இன்னிக்கும் வருத்தம் உண்டு, எத்தனை டீச்சருக்கு யோசிக்காம சப்ஸ்டிடியூஷன் போட்டிருக்கேன்.

சண்டே ஸ்கூல இந்த வருஷப் பொதுத்தேர்வு முடியற வரைக்கும் விட்டுடுங்க. ஆயர்கிட்ட நேரா சொல்லுங்க, குற்ற உணர்ச்சி வேணாம்.

இன்னொண்ணு. எங்க ஊர்ல இருக்கற மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1837ல சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடமாதான் ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1855ல மெட்ராஸ்லயே இறந்துட்டார், கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937ல. அது இவ்வளவு பெரிய கல்லூரியா வளந்தத அவர் பாக்கவே இல்ல. உங்க 14 வருஷப் பசங்க இப்ப எங்கெங்க என்னவா இருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியாதும்மா.

கொளத்தூர் பிரதர்:
சிஸ்டர், ஐயா சொன்னது சரி, ஆனா சண்டே ஸ்கூல மட்டும் விட்டா பத்தாது. யாத்திராகமம் 18ல மோசே காலைலேர்ந்து சாயங்காலம் வரை ஒத்த ஆளா நியாயம் விசாரிக்கறத பாத்துட்டு மாமனார் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்றார். தேவனுடைய வேலையே ஆனாலும் தனியா தூக்கக்கூடாதுன்னு அர்த்தம். எமிஸ் என்ட்ரிய ஸ்டாஃப் ரூம்ல யாராவது பங்கு போட்டுக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. தினமும் அழுகை வருது, தூக்கம் சரியில்லன்னா டாக்டரப் பாருங்க, கவர்மென்ட்டோட மனநல உதவி லைன் டெலி மானஸ், 14416 நம்பருக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசறாங்க. ஜெபிக்கறவங்க டாக்டர்கிட்ட போகக்கூடாதுன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க.

ஸ்கூல் ஆபீஸ் ஸ்டாஃப், அயனாவரம்:
நான் டீச்சர் இல்ல சிஸ்டர், ஃபீஸ் கவுன்ட்டர்ல இருக்கேன். ஃபீஸ் கட்ட முடியாத அப்பா அம்மா கோவத்த எல்லாம் நாங்கதான் வாங்கறோம், சாயங்காலம் மனசு கனமா இருக்கும். எங்க ஸ்கூல் ஆயாம்மா ஒருத்தங்க நாலு மணிக்கு எதுவும் பேசாம எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து வெச்சிட்டுப் போவாங்க. அவங்க மூட்டு வலியோட மூணு மாடி கூட்டறவங்க. ஒரு நாள் நான் அவங்க பக்கத்துல உக்காந்து சேந்து குடிச்சேன், அன்னிலேர்ந்து தினம் பத்து நிமிஷம், ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் ரெண்டு வரி ஜெபம் பண்றோம். உங்க ஸ்கூல்லயும் இப்படி யாராவது கண்டிப்பா இருப்பாங்க, பாருங்க.

பெரம்பூர் மேத்ஸ் டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா பதில ட்ரெயின்ல படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், இவ்வளவு நாள் இந்த இருவது நிமிஷத்துலயும் பேப்பர் திருத்திட்டுதான் போவேன். இன்னிக்கு பேப்பர் கட்டப் பையவிட்டு வெளியவே எடுக்காம ஜன்னல் பக்கம் சும்மா உக்காந்து வந்தேன். ஆயருக்கு மெசேஜ் போட்டாச்சு, நாளைக்கு வரச் சொல்லியிருக்கார். எனக்காகவும், என் செக்‌ஷன்ல அப்பா இல்லாத ஒரு பையனுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க, நேத்து அவன்கிட்டதான் கத்திட்டேன், காலைல முதல்ல அவன்கிட்ட ஸாரி சொல்லணும்.